ஹெலனுக்கு இரண்டு புகழுரைகள்

ஆங்கிலத்தில் 'என்கோமியம்' என்றால் சபையறிய, முறைப்படி எடுத்துரைக்கும் பாராட்டு. நண்பனின் முதுகில் தட்டிக்கொடுக்கும்போது யார் வாயிலும் அது வராது. கிரேக்கத்தில் பிறந்த சொல். கொண்டாட்டமாகத் திரண்டு செல்லும் கூட்டத்துக்கு அங்கே 'கோமோஸ்' என்று பெயர். வென்ற வீரர்களை அப்படிச் சூழ்ந்து பாடிய பாட்டுதான் பிற்பாடு உரைநடைக்கும் வந்தது.

அந்த உரைநடையின் ருசி பிடிபட, ஹெலனைப் பற்றிய இரண்டு உரைகளை அடுத்தடுத்துப் படிக்க வேண்டும். முதலாவது, சிசிலித் தீவைச் சேர்ந்த கோர்கியாஸ் எழுதியது. ட்ராய் போருக்கே காரணம் என்று உலகம் தூற்றிய பெண்ணுக்காக அவர் வாதாடுகிறார். அவள் கணவனை விட்டுப் போனதற்கு நான்கு காரணங்களே இருக்க முடியும்: தெய்வச் சித்தம், பலாத்காரம், பேச்சின் மயக்கம், காதல். எதுவானாலும் அவள்மேல் குற்றமில்லை என்கிறார். பேச்சைப் பற்றிச் சொல்ல வரும்போது நடை சூடு பிடிக்கிறது. மருந்து உடம்பை ஆட்டிவைப்பதுபோல் சொல் மனத்தை ஆட்டிவைக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல, நாமும் அந்தச் சொல்லுக்கு வசப்பட்டுவிடுகிறோம். வாதத்துக்கு அந்த வாதமே சாட்சியாகிவிடும் அபூர்வமான இடம் அது!

அடுத்த தலைமுறையின் ஐசாக்ரடீஸ் இதைப் பாராட்டிவிட்டு, ஒரு குறையும் சொன்னார்: பழி துடைப்பது வேறு, புகழ்வது வேறு. அவருடைய உரை ஹெலனுக்காக மன்னிப்புக் கோருவதில்லை. முதலில் தீசியஸ் என்ற மாவீரனின் செயல்களை விரிவாக அடுக்குகிறார். அப்பேர்ப்பட்டவனே இவளிடம் மனம் பறிகொடுத்தான் என்கிறார். சிதறிக் கிடந்த கிரேக்கர்கள் இவளுக்காக ஒன்றுதிரண்டு படையெடுத்தார்கள் என்று முடிக்கிறார். அழகை வர்ணிக்காமல், அது செய்துகாட்டியதைச் சொல்கிறார்.

அரிஸ்டாட்டில் தமது 'ரெட்டரிக்' நூலில் இதையே இலக்கணமாக்கினார். என்கோமியத்துக்கு உரியவை செயல்கள். இவர் மட்டுமே செய்தார், இவரே முதலில் செய்தார், வெகு சிலரே செய்ததை இவரும் செய்தார் என்று காட்டினால் புகழ் ஓங்கும்.

இன்றைய மேடைகளில் 'மாபெரும்', 'ஒப்பற்ற' என்ற அடைமொழிகள் மழையாகப் பொழிகின்றன. கூட்டம் கலைந்ததும் எதுவும் மனத்தில் தங்குவதில்லை. அந்த மனிதர் என்ன செய்தார், அதைச் செய்வது ஏன் கடினமாக இருந்தது என்று இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். அடைமொழியைக் கேட்பவரே சேர்த்துக்கொள்வார்.