4294967297: ஐந்தாம் ஃபெர்மா எண்

4294967297 என்ற பத்து இலக்க எண், 2³² உடன் 1 கூட்டக் கிடைப்பது. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்து, ஒவ்வொரு முறையும் 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையில் இது அடுத்த உறுப்பு. சுழியிலிருந்து எண்ணுவது வழக்கம் என்பதால் ஐந்தாம் ஃபெர்மா எண் எனப்படுகிறது. இதற்கு முந்தைய ஐந்தும் பகா எண்கள். வரிசை முழுவதும் அப்படித்தான் இருக்கும் என்று பியேர் டி ஃபெர்மா 1640-இல் கடிதங்களில் எழுதினார். நிறுவல் கைவசம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

1729-இல் கோல்டுபாக் இதை ஆய்லரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1732-இல் ஆய்லர் கண்ட விடை: 641 × 6700417. இரண்டுமே பகா எண்கள்.

பகா எண்களை வரிசையாக எடுத்து வகுத்துப் பார்ப்பவர், 641-ஐ எட்டுமுன் நூறுக்கும் மேற்பட்ட வகுத்தல்களைச் செய்திருப்பார். இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவும் 64-ஆல் வகுக்க மீதி 1 தர வேண்டும் என்று ஆய்லர் பின்னர் நிறுவினார். அப்போது எஞ்சுபவை 193, 257, 449, 577, 641. ஐந்தாம் முயற்சியிலேயே காரணி அகப்படும். 19-ஆம் நூற்றாண்டில் லூக்கா 64-ஐ 128 ஆக்கியதும் 257, 641 இரண்டே மிஞ்சின. 257-உம் தேவையில்லை. முந்தைய ஐந்து ஃபெர்மா எண்களின் பெருக்கற்பலன் 4294967295. இது 4294967297-ஐவிடச் சரியாக 2 குறைவு. பொதுக் காரணி இருந்தால் அது 2-ஐயும் வகுக்க வேண்டும். ஒற்றை எண்களுக்கு அது இயலாது. ஆக, 641-தான் முதல் முயற்சி!

வகுத்துப் பார்க்காமலும் இதை நிறுவலாம். அந்த நிறுவல் எண் கோட்பாட்டின் மிக அழகானவற்றுள் ஒன்று. 641 என்பது 5×2⁷+1, 5⁴+2⁴-உம் அதுவே. முதல் வடிவின்படி, 5×2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-க்கு மீதி 1. இரண்டாம் வடிவு 5⁴-க்குப் பதிலாக −2⁴-ஐ வைக்க இடம் தருகிறது. வைத்தால் −2³²-க்கு மீதி 1. அதாவது 2³²+1 மீதியின்றி வகுபடுகிறது.

வர்க்கங்கள் வழியாகவும் இது பகு எண் என்று தெரியும். 65536²+1² என்பது ஒரு வடிவம், 62264²+20449² இன்னொன்று. பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுத முடியாது. ஆனால் பகா எண்களுக்கு ஃபெர்மாவே கண்ட விதியை 2 கொண்டு சோதித்தால், இவ்வெண் பகா எண் போலவே தேறிவிடும். 1877-இல் பெப்பன் வகுத்த சோதனை 3-ஐ வைத்து நடப்பது, அது ஏமாறுவதில்லை.

ஆறாம் எண்ணின் காரணிகளை 1880-இல் லாந்திரி கண்டார். ஐந்து முதல் 32 வரையிலான ஃபெர்மா எண்கள் அனைத்தும் பகு எண்கள் என்று தெரிந்துவிட்டது. 65537-க்குப் பின் ஒரு ஃபெர்மா பகா எண்ணும் அகப்படவில்லை. இதற்கு வடிவியலிலும் விளைவு உண்டு. வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலன் எத்தனையோ, அத்தனை பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டே வரையலாம் என்று காஸ் 1801-இல் வெளியிட்டார். ஒற்றைப்படைப் பக்கங்களோடு அப்படி வரையத்தக்கவையாக அறியப்பட்டவை 31; அவற்றில் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள்.