வாசிக்காதவரின் முகம்

ஜாஸ் பற்றி எழுதப்பட்டதில் பெரும்பகுதி இசைத்தட்டுகளைப் பற்றி எழுதப்பட்டதுதான். இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. தங்கியது தட்டு; தங்கியதைப் பற்றித்தானே விமர்சனம் பேச முடியும். ஆனால் தட்டு ஒரு நடுநிலையான சாட்சி அல்ல. பழைய 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிஷம் கொள்ளும். அந்த மூன்று நிமிஷத்தில் ஒலிக்காதது எதுவும் இல்லாததாகிவிடுகிறது. வாசிப்பவன் இருக்கிறான்; தன் முறை முடிந்ததும் மறைந்துபோகிறான்; அடுத்தவன் எங்கிருந்தோ வருகிறான். ஒரு மேதை, அவனுக்குப் பின் இன்னொரு மேதை என்று ஜாஸின் சரித்திரம் தனிவாசிப்புக்காரர்களின் வரிசையாக எழுதப்பட்டதற்கு இந்த யந்திரமும் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது.

எனக்கும் ஜாஸ் உருவமில்லாமல்தான் வந்தது. பெயர், வருஷம், வாத்தியம், ஒலி - அவ்வளவே. சமீப வருஷங்களில் யூட்யூபில் பழைய சினிமாத் துண்டுகளும் டெலிவிஷன் பதிவுகளும் ஒன்றைத் தொட்டு ஒன்றாகக் கிடைக்கத் தொடங்கின. ராத்திரிகளில் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்தவர்கள் எல்லோருக்கும் வரும் பரவசம் எனக்கும் வந்தது. பரவசம் விமர்சனம் ஆகாது. இந்தப் பிம்பங்கள் நம் கேட்டலில் எதையாவது மாற்றுகின்றனவா, அல்லது இறந்துபோன மேதைகளின் ஞாபகச் சின்னங்கள் மட்டும்தானா என்பதே கேள்வி.

முதலில் தரம் பிரிக்க வேண்டியிருக்கிறது. இந்தப் படங்களில் பல, நாம் நினைக்கிற அர்த்தத்தில் நிகழ்ச்சிகளே அல்ல. 1944-இல் வார்னர் பிரதர்ஸுக்காக ஜான் மிலி எடுத்த 'ஜாமின் தி ப்ளூஸ்' பத்து நிமிஷக் குறும்படம். மிலி புகைப்படக் கலைஞர். அவருடைய ஒளியும் இருளும் அபாரமானவை. முதல் பிம்பத்தில் வட்டங்கள் மட்டும் தெரிகின்றன, வட்டங்கள் சாய்கின்றன, அது ஒரு தொப்பி, தொப்பிக்குக் கீழே லெஸ்டர் யங்கின் முகம். ஆனால் இசையை முன்னதாகவே பதிவு செய்துகொண்டு, பிறகு அதை ஒலிக்கவிட்டுப் படம் பிடித்திருக்கிறார்கள். நாம் பார்க்கும் விரல்கள் ஏற்கனவே முடிந்துபோன ஒரு வாசிப்பைப் பின்தொடர்கின்றன. இன்னொரு விஷயமும் உண்டு. குழுவில் ஒரே வெள்ளைக்காரர் கிடார்க்காரர் பார்னி கெஸல். கறுப்பர்களோடு ஒரு வெள்ளையர் சேர்ந்து வாசிப்பது திரையில் தெரியக்கூடாது என்பதற்காக அவரை நிழலிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். நாம் ரசிக்கிற அந்த இருள் முழுக்க அழகியல் சம்பந்தப்பட்டதல்ல. படம் நல்ல படம்தான். ஆனால் அது மிலியின் கலை. ஜாஸுக்கான சாட்சியமாக அதைக் கொள்ள முடியாது.

நேரடி ஒளிபரப்பு வேறு ரகம். அப்போது டெலிவிஷனில் நடந்ததைப் பதிவு செய்ய ஒரே வழி, ஒரு திரையில் ஓடும் பிம்பத்தை சினிமாக் காமிராவால் படம் பிடிப்பது. அந்தச் சாம்பல் கலங்கல் இப்படி வந்ததுதான். சார்லி பார்க்கர் நிஜமாகவே வாசிப்பதை ஒலியோடு காட்டும் படம் நமக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று: டூமாண்ட் டெலிவிஷனில் 1952 பிப்ரவரி 24 அன்று நடந்தது. (1950-இல் மிலியும் நார்மன் கிரான்ஸும் எடுத்த துண்டு, முன்பதிவுக்கு ஏற்ப நடித்தது.) டூமாண்ட் கம்பெனி 1956-இல் மறைந்தது. அதன் பதிவுகளில் பெரும்பகுதி 1970-களில் நியூயார்க் துறைமுகக் கடலில் கொட்டப்பட்டதாக நடிகை ஈடி ஆடம்ஸ் 1996-இல் சாட்சியம் சொன்னார். இது எப்படியோ தப்பியது. தப்பியதை வைத்துக்கொண்டு சரித்திரம் கட்டுகிறவன் இந்த 'எப்படியோ'வை மறந்துவிடக்கூடாது.

பார்க்கருக்கும் டிஸ்ஸி கில்லஸ்பிக்கும் ஒரு பத்திரிகையின் பரிசுப் பலகைகள் தரப்படுகின்றன. தருகிறவரின் குரலில், நல்ல பிள்ளைகளைத் தட்டிக்கொடுக்கும் தோரணை. ஏதாவது சொல்ல வேண்டுமா என்கிறார். எங்கள் அபிப்பிராயத்தை இசையிலேயே சொல்லிவிடுகிறோம் என்கிற பொருளில், குறைவைக்காத மரியாதையோடு, பார்க்கர் பதில் சொல்கிறார். பிறகு 'ஹாட் ஹவுஸ்'. அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். ஒன்றுமே நடக்கவில்லை. அசுர வேகத்தில் ஸ்வரங்கள் போய்க்கொண்டிருக்க, விரல்கள் சாவிகளைவிட்டு அதிகம் எழும்புவதுகூட இல்லை, உடம்பு ஆடவில்லை, கண் மட்டும் எங்கோ கவனிக்கிறது. பார்க்கரைப் பற்றிப் புழங்குகிற பிம்பம் வேறு - போதை, வெறி, தன்னை எரித்துக்கொண்ட மேதை. 1955-இல், 34 வயதில், செத்துப்போனவர். அந்த வாழ்க்கை பொய்யல்ல. ஆனால் அந்த வாழ்க்கைதான் இந்த இசை என்று எழுதியவர்களுக்கு இந்தச் சில நிமிஷங்கள் மறுப்பு. இங்கே இருப்பது வேலை தெரிந்த ஒரு மனிதனின் அமைதி. தட்டில் இதைக் கேட்டபோது நான் வெறியைத்தான் கேட்டேன். இசையில் இல்லாத ஒன்றை, படித்த சரிதைகள் என் காதில் போட்டிருந்தன.

இப்படிச் சொன்னபின், எல்லோரும் கொண்டாடுகிற பதிவுக்கு வர வேண்டும். 1957 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, சி.பி.எஸ். டெலிவிஷனில் 'தி ஸவுண்ட் ஆஃப் ஜாஸ்'. தயாரிப்பாளர் ராபர்ட் ஹெரிட்ஜ். கலைஞர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் நாட் ஹென்டாஃப், விட்னி பாலியட் என்ற இரண்டு விமர்சகர்கள். (விமர்சகர்கள் ஒரு காரியம் உருப்படியாகச் செய்ததற்கு அத்தாட்சி வேண்டுமானால் இதைச் சொல்லலாம்.) ஜோடனை கிடையாது. வெறும் ஸ்டூடியோ, காமிராக்களும் ஒயர்களும் கண்ணில் படும்படி. வந்தவர்கள் வந்த உடுப்பில். அதில் பில்லி ஹாலிடே, தானே இயற்றி 1939-இல் முதலில் பதிவு செய்த 'ஃபைன் அண்ட் மெல்லோ' என்ற ப்ளூஸைப் பாடுகிறார். சுற்றிலும் அரைவட்டமாக பென் வெப்ஸ்டர், லெஸ்டர் யங், விக் டிக்கன்ஸன், ஜெரி மல்லிகன், கோல்மன் ஹாக்கின்ஸ், ராய் எல்ட்ரிட்ஜ். நடுவே ஒரு ஸ்டூலில் ஹாலிடே.

ப்ளூஸின் அமைப்பு எளிமையானது: பன்னிரண்டு தாளக்கட்டு ஒரு சுற்று, அது திரும்பத் திரும்ப வரும். ஹாலிடே பாடி முடித்ததும் வெப்ஸ்டர் ஒரு சுற்று வாசிக்கிறார். அடுத்து லெஸ்டர் யங். உடல் நலிந்திருந்த நேரம். ஒரு சுற்றுதான், ஒரு நிமிஷம்கூட இல்லை. மிகக் குறைந்த ஸ்வரங்கள், தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி, அவசரமே இல்லாமல். காமிரா ஹாலிடேயின் முகத்துக்குப் போகிறது. உதடு லேசாக விரிகிறது, புருவம் ஏறுகிறது, தலை ஆமோதிப்பாக அசைகிறது.

இதற்கு ஒரு ஐதீகம் உண்டு. இருவரும் 1937-இலிருந்து சேர்ந்து தட்டுகள் பதிந்தவர்கள். அவருக்கு 'லேடி டே' என்று இவர் பெயர் வைத்தார். இவருக்கு 'ப்ரெஸ்' என்று அவர். பின்னால் விலகிப் போனார்கள். 1957-இல் இந்த ஸ்டூடியோவில் மறுபடி சந்தித்தார்கள். 1959 மார்ச் 15-இல் யங் இறந்தார். நான்கு மாதம் கழித்து, ஜூலை 17-இல், ஹாலிடே. ஆகவே இது விடைபெறல். அந்தப் புன்னகை பிரியாவிடை. கண்ட்ரோல் அறையில் இருந்தவர்கள் கண் கலங்கியதாக ஹென்டாஃபே பிற்பாடு எழுதினார்.

எனக்கு இந்த ஐதீகம் ஒப்புதலில்லை. கண் கலங்கியவர்களைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் யங்கின் சாவு 15 மாதம் தள்ளி இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அது யாருக்கும் தெரியாது. அந்தச் சாவுகள் நம்முடைய தகவல். படத்தில் அவை இல்லை. நாம் கொண்டுபோய் வைத்ததை நாமே அங்கிருந்து எடுத்து உருகுகிறோம். இந்த வியாதி நமக்குப் புதிதல்ல. ஒரு சிறுகதையின் கடைசி வரியில் எழுத்தாளனின் வறுமையையும் க்ஷயரோகத்தையும் வாசித்துவிட்டு, கதையை வாசித்ததாக நினைத்துக்கொள்ளும் விமர்சனம் தமிழில் எவ்வளவு வந்திருக்கிறது! கலைஞனின் துயரத்தை அவனுடைய படைப்பின் மதிப்பாக மாற்றிவிட்டால், படைப்பைப் பார்க்கிற வேலை மிச்சமாகிறது.

சரி, சாவைக் கழித்துவிட்டால் அந்த முகத்தில் என்ன மிஞ்சுகிறது? கேட்டல் மிஞ்சுகிறது. அது உருக்கத்தைவிடக் கடினமான விஷயம். ஹாலிடே ரசிகையாக அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. யங்கின் சுற்று முடிந்ததும் அவர் பாட வேண்டும். தலை அசைவது, ஒரு வாக்கியம் எங்கே முடியும் என்று தெரிந்த காது, அது அங்கே முடிந்ததை ஒப்புக்கொள்ளும் அசைவு. பிறகு அவர் பாடத் தொடங்கும்போது கவனியுங்கள். அவரும் தாளத்துக்குப் பின்னால் சாய்ந்தே வருகிறார். யார் யாரிடமிருந்து இதைப் பெற்றார் என்ற கேள்விக்கு இருபது வருஷப் பழக்கத்துக்குப் பிறகு அர்த்தமில்லை. பெறுதல் நடந்துகொண்டிருப்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது.

இதே கலைஞர்களில் பலர் இதே பாட்டை, ஒளிபரப்புக்குச் சில நாள் முன்னதாக, கொலம்பியா கம்பெனிக்காகத் தட்டிலும் பதிந்திருக்கிறார்கள். நிகழ்ச்சியின் பெயரிலேயே வந்த தட்டு அதுதான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். இசை என்ற அளவில் தட்டு மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தட்டில், ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் இல்லை. படத்தில், ஒருவர் வாசிக்கும்போது ஐந்து பேர் காத்திருக்கிறார்கள். காத்திருப்பது சும்மா இருப்பது அல்ல என்பது படத்தைப் பார்த்தால்தான் தெரிகிறது. அந்தந்தக் கணத்தில் கற்பித்து வாசிக்கும் இசையில், முன்னவர் விட்ட இடம்தான் பின்னவரின் தொடக்கம். ஆகவே வாசிக்காதவரின் மௌனமும் உருவத்தின் பகுதி. 'உருவம்' என்று நாம் இங்கே இவ்வளவு காலமாகச் சண்டை போடுகிற வார்த்தைக்கு இது ஒரு கூடுதல் அர்த்தம் என்று நினைக்கிறேன். வெளிப்பட்டதன் ஒழுங்கு மட்டுமல்ல உருவம். வெளிப்பாட்டைச் சாத்தியமாக்குகிற கவனத்தின் ஒழுங்கும் கூட.

கேட்கும் முகம் எப்போதுமே புனிதமானது என்றும் கிளம்பிவிடக்கூடாது. அதே நிகழ்ச்சியில் தெலோனியஸ் மாங்க் 'ப்ளூ மாங்க்' வாசிக்கிறார். பியானோவின் எதிர்ப்பக்கம் கௌண்ட் பேஸி உட்கார்ந்து, ஆனந்தமாக, மாங்க்கையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பேஸியின் சந்தோஷம் நிஜம். ஆனால் தன்னை ஒருவர் அப்படி வெறித்துக்கொண்டிருந்தது மாங்க்குக்குப் பிடிக்கவில்லை என்பார்கள். கேட்டல் சில சமயம் கண்காணிப்பாகவும் ஆகும்.

கேட்டலே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் படம் இருக்கிறது. 1969 டிசம்பரில் பாரிஸில் பிரெஞ்சு டெலிவிஷன் மாங்க்கை வைத்து ஒரு நிகழ்ச்சி எடுத்தது. பேட்டி கண்டவர் ஹென்றி ரெனோ. அவரும் பியானோக் கலைஞர், மாங்க்கை மதித்தவர். நிகழ்ச்சிக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட படச்சுருள்களிலிருந்து, செனகல் வழி வந்த பிரெஞ்சு டைரக்டர் அலன் கோமிஸ் 2022-இல் 'ரீவைண்ட் அண்ட் ப்ளே' என்ற படத்தைத் தொகுத்தார். சமையலறையில் பியானோ வைத்திருந்தது ஏன் என்ற கேள்வி. வீட்டில் அதுதான் பெரிய அறை என்ற பதில். கேட்டவருக்கு இதைவிட வினோதமான மாங்க் தேவைப்படுகிறார். 1954-இல் முதல் தடவை பாரிஸ் வந்ததைப் பற்றிக் கேட்கிறார். தன் படத்தைப் பத்திரிகை அட்டையில் போட்டார்கள், ஆனால் மற்றவர்களைவிடக் குறைவான பணம்தான் தனக்குத் தந்தார்கள் என்கிறார் மாங்க். அது நன்றாக இருக்காது, அழித்துவிடலாம் என்று முடிவாகிறது. கேள்வி மறுபடி, பதில் மறுபடி. விளக்குகளின் சூட்டில் மாங்க்கின் நெற்றியில் வியர்வை வழிகிறது. 1957-இல் வாசிக்காதவரின் முகம் வாசிப்பவரை வளர்த்தது. 1969-இல், பக்கத்திலேயே நிற்கும் ஒருவர், பதில் என்னவாக இருக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவிட்டதால், எதிரில் இருப்பவரைப் பேசவே முடியாதவராக ஆக்கிவிடுகிறார். ரெனோ கெட்ட மனிதர் அல்ல, அபிமானிதான். அபிமானம் கேட்டலுக்குப் பதிலாகாது. விமர்சனம் செய்கிற நமக்கு இந்த இரண்டாவது படம்தான் அதிகம் உறைக்க வேண்டும்.

லெஸ்டர் யங்கின் சுற்றையும் ஹாலிடேயின் புன்னகையையும் மட்டும் வெட்டி எடுத்த துண்டு ஒன்று அதிகமாகச் சுற்றுகிறது. ஐதீகத்துக்கு அது போதும். தேடிப் பார்க்கிறவர்கள் முழுதாகப் பார்க்க வேண்டும்; மொத்தமே சுமார் எட்டு நிமிஷம். யங்கோடு அது முடிவதில்லை. டிக்கன்ஸன் வருகிறார். மல்லிகன் வருகிறார், அரைவட்டத்தில் எல்லோரிலும் இளையவர், அப்போது முப்பது வயது. ஹாக்கின்ஸ் வருகிறார். எல்ட்ரிட்ஜின் ட்ரம்பெட் உச்சத்துக்கு ஏறுகிறது. ஒவ்வொருவருக்கும் ஹாலிடேயின் முகம் வேறு வேறு விதமாகக் கேட்கிறது. கடைசிச் சுற்றைப் பாட வேண்டியவர் அவர்.