அந்நியக் கரையும் சொந்த மலையும்

அந்நிய நிலக்காட்சி ஒரு கலைஞனின் கையில் எப்போது உண்மையானதாகிறது? இக்கேள்வியைச் சீன மை ஓவியர் ஜாங் தாச்சியென் (1899–1983) அவர்களின் பிற்காலப் படைப்புகளைக் கொண்டு ஆராய விரும்புகிறோம். இது நம் திருச்சபைக்குப் புறம்பான கேள்வியன்று. திருமறை வசனம் தாங்கி நம் இல்லங்களில் தொங்கும் நாட்காட்டிகளில் பனிமூடிய ஐரோப்பிய மலைகளைக் காண்கிறோம். போடிநாயக்கனூரில் மேற்கே நோக்கினால் தெரியும் ஏலமலைச் சரிவு அவற்றில் இடம்பெறுதல் அரிது.

ஜாங் தம் முற்பகுதியில் பழைய ஓவியர்களை அடியொற்றியவர். அவர் வரைந்த போலிகள் மூலப்படைப்புகளாகவே கொள்ளப்பட்டதுண்டு. 1940களின் தொடக்கத்தில் துன்ஹுவாங் குகைகளின் பௌத்தச் சுவரோவியங்களைப் படியெடுத்தார். 1949இல் தாய்நாட்டை விட்டு வெளியேறியவர், 1950இல் இந்தியா வந்து அஜந்தாவை ஆராய்ந்து, டார்ஜிலிங்கில் தங்கினார். பின்னர் அர்ஜென்டினா, பிரேசில் வழியாக, 1960களின் இறுதியில் கலிபோர்னியாவின் மான்ட்ரே கடற்கரைப் பகுதியில் குடியேறினார்.

அதற்குள் அவரது கண்பார்வை மங்கியிருந்தது. நுண்கோடுகள் வசப்படாத நிலையில் மையையும் நீலப் பச்சை வண்ணங்களையும் தாளில் ஊற்றி, அவை பரவும் போக்கிலேயே மலையையும் கடலையும் கண்டார். பின்பு சில தீற்றல்களால் ஒரு மரத்தையோ குடிலையோ சேர்த்தார். பசிபிக் கரையின் பாறைகளும், காற்றில் வளைந்த சைப்பிரஸ் மரங்களும் இம்முறைக்கு இசைந்தன. பிறரைப் போலச் செய்வதில் வல்லவரான அவர், பார்வை குன்றிய பின்னரே, அந்நியக் கரையிலே, தமக்கே உரிய வடிவத்தை அடைந்தார் என்பது நம் கணிப்பு.

இவ்வோவியங்களில் வெண்மை வெறுமையன்று. போடிமெட்டுச் சாலையில் ஏறும்போது மூடுபனி சரிவை விழுங்கிப் பின் திருப்பித் தருவதைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். மறைந்திருப்பதும் மலையே. மறைந்திருக்கும் கடவுளைப் பற்றிப் பேசும் நாம் இவ்வெண்மையிடம் கற்க வேண்டியது உண்டு.

எனினும் ஒரு குறையையும் சுட்ட வேண்டும். இந்நிலக்காட்சிகளில் மனிதன் தோன்றினால் பெரும்பாலும் அவன் இயற்கையை நோக்கி நிற்கும் அறிஞனே. உழைப்பவனைத் தேட வேண்டியிருக்கிறது. நம் சரிவுகளையும் அவ்வாறே வரைந்துவிடலாம். ஆனால் போடியிலிருந்து விடியுமுன் ஜீப்பில் நெருங்கி அமர்ந்து, மாநில எல்லை கடந்து, இடுக்கித் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் அம்மலையைக் குனிந்தே அறிவர். ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிய கொத்துகளிலன்றோ காய்க்கிறது! அவர்களை விட்டுவிட்டு மூடுபனியை மட்டும் வரையும் ஓவியமும், அவர்களை மறந்து படைப்பின் அழகை மட்டும் புகழும் பிரசங்கமும் ஒரே குறையுடையன.

ஜாங் இறுதி ஆண்டுகளில் தைவானில் இருந்துகொண்டு, தாம் ஒருபோதும் சென்றிராத லூ மலையைப் பெருஞ்சுருளில் வரையலானார். அது முற்றுப்பெறுமுன் மறைந்தார். அந்நிய நாட்டில் பாடுவதெப்படி என்னும் 137ஆம் சங்கீதத்தின் வேதனை இங்கு நினைவுக்கு வருகிறது. அவர் அந்நியக் கரையைச் சொந்தக் கண்ணால் கண்டார். நாமோ சொந்த மலையடியில் இருந்துகொண்டு அந்நியக் கண்ணால் காண்கிறோம். வார்த்தை மாம்சமாகி நம்மிடையே வாசம்பண்ணியதை அறிக்கையிடும் சபை, தன் மண்ணையும் அதில் குனிந்து உழைப்போரையும் காணக் கற்பதே இவ்வோவியங்கள் நம்முன் வைக்கும் அறைகூவலாகும்.