மூணு அம்பு, ஒரு நாண்

'பாகுபலி 2' (2017) படத்தை ஆம்பூரில் பார்த்தேன். பிரபாஸும் அனுஷ்காவும் ஒரே நாணில் மூன்று மூன்று அம்பாக விட, தியேட்டரே விசிலடித்தது. நானும்தான். ஆனா பி.காம். புத்தி சும்மா இருக்குமா? வில்லில் இருப்பது ஒரே முதல். அதை மூன்றாகப் பங்கு போட்டால் அம்புக்குக் கிடைப்பது சில்லறை!

அது போகட்டும். எனக்கு உறுத்தியது அந்த வில். இழுக்கும்போது தோள்பட்டை திணறவே இல்லை. பழைய இந்தியக் கொம்பு வில் அப்படி இல்லை சார். இழுப்பவர் பக்கம் எருமைக் கொம்பு, நடுவில் மரம், இலக்குப் பக்கம் மாட்டின் தசைநார். ஒட்டுவதற்கு, தோலையும் நாரையும் காய்ச்சிய பசை. காய்வதற்கே மாதக்கணக்காகும். நாணைக் கழற்றினால் எதிர்த்திசையில் சுருண்டுகொள்ளும். விவரம் தெரியாமல் அந்த வளைவிலேயே நாண் பூட்டி இழுத்தால், ஆசையாய் வாங்கிச் சேர்த்த நூறு வருஷத்து வில் 'படக்'!

திருப்பாவையில் வரும் சார்ங்கம் ஞாபகமிருக்கா? விஷ்ணுவின் வில். கொம்பால் ஆனது என்றுதான் அர்த்தம்.

கொம்பு, தோல், பசை எல்லாம் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் தண்ணிபட்ட பாடு. படக்குழு இங்கே ஒரு பெரியவரைக் கேட்டிருக்கலாம். அடுத்த சரித்திரப் படத்திலாவது, நாண் பூட்டும்போது கதாநாயகனுக்கு முழங்கால் கொஞ்சம் நடுங்கட்டுமே!