ரத்தக் குளியலும் கடன் கணக்கும்: திரையில் எலிசபெத் பாத்தோரி

முகத்தில் தெறித்த பணிப்பெண்ணின் ரத்தத்தைச் சீமாட்டி கண்ணாடி முன் துடைக்கிறார். துடைத்த இடத்தில் தோல் இளமையாகத் தெரிகிறது. 1971இல் பீட்டர் சாஸ்டி இயக்கிய ‘கவுண்டஸ் டிராகுலா’வில் இந்தக் காட்சி உண்டு. 2009இல் ஜூலி டெல்பி எழுதி, இயக்கி, நடித்து, இசையும் அமைத்த ‘தி கவுண்டஸ்’ படத்திலும் உண்டு. முன்னதில் அது மாயம், பின்னதில் மனப்பிரமை. ஹங்கேரியச் சீமாட்டி எலிசபெத் பாத்தோரியைப் பற்றிப் படமெடுக்க வருபவர்கள் எல்லோருமே இந்தக் கண்ணாடியின் முன் ஒருமுறை நின்றுவிட்டுத்தான் போகிறார்கள். ஆனால் அவர் காலத்தில் பதிவான சாட்சியங்களில் ரத்தக் குளியல் என்ற பேச்சே கிடையாது. லாஸ்லோ துரோட்சி என்ற இயேசு சபைப் பாதிரியார் 1729இல் அச்சிட்ட நூலில்தான் அது வருகிறது. சீமாட்டி இறந்து அப்போது 115 ஆண்டுகள் ஆகியிருந்தன. சாட்சியங்கள் அச்சேறியது அதைவிடத் தாமதமாக, 1817இல். அதற்குள் கதை நிலைத்துவிட்டது.

சாட்சியங்களில் இருப்பது வேறொரு கொடுமை. அடி, ஊசி, பட்டினி, பனிக்காலத்தில் உடம்பின் மேல் ஊற்றிய தண்ணீர். செத்தவர்கள் பணிப்பெண்கள், பெரும்பாலும் ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். எத்தனை பேர்? படங்களும் புத்தக அட்டைகளும் 650 என்கின்றன. அந்த எண் சூசன்னா என்ற பணிப்பெண், இன்னொருவர் சொல்லிக் கேட்டதாகச் சொன்னது. சீமாட்டியின் கையாட்களாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் சொன்ன எண்ணிக்கை சுமார் 30 முதல் 50 வரை. அந்த வாக்குமூலங்களும் சித்திரவதைக்குப் பின் வாங்கியவை என்பதை மறக்கக் கூடாது. எண்ணில் எவ்வளவு சந்தேகம் இருந்தாலும், மகளை இழந்தவர்களின் குரல் அந்தத் தாள்களில் இருக்கிறது. என் வாதம் முழுவதும் அதை ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறது.

இனி வீழ்ச்சிக்கு வருவோம். 1560இல் பிறந்த எலிசபெத், போலந்து மன்னர் இஸ்த்வான் பாத்தோரியின் சகோதரி மகள். 1575இல், இன்னும் பதினைந்து நிறையாத வயதில், ஃபெரென்ஸ் நாடஷ்டியை மணந்தார். நாடஷ்டி துருக்கியரோடு போரிட்டுப் பெயர் பெற்ற தளபதி. அரசுக்கே கடன் கொடுக்கும் அளவுக்குச் செல்வந்தர். 1604 ஜனவரியில் அவர் இறந்தபோது குடும்பத்தை நண்பர் கியோர்கி துர்சோவின் பொறுப்பில் விட்டுச் சென்றார். அதே துர்சோ 1609இல் ஹங்கேரி மன்னருக்கு அடுத்த பதவியான பாலடின் ஆனார். மன்னர் மத்தியாசின் உத்தரவுப்படி 1610இல் விசாரணை தொடங்கியது. டிசம்பர் இறுதியில் துர்சோவே சாக்டிட்செ கோட்டைக்கு நேரில் போய் நண்பரின் விதவையைக் கைது செய்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இந்தக் கதையில் பிடித்து வைத்திருக்கிறது. எலிசபெத் மீது வழக்கே நடக்கவில்லை. 1611 ஜனவரியில், துர்சோவின் மாளிகை இருந்த ஊரில், நான்கு பணியாளர்கள் மட்டும் விசாரிக்கப்பட்டார்கள். மூவருக்கு மரணம், ஒருத்திக்குச் சிறை. சீமாட்டியையும் மன்றத்தில் நிறுத்த வேண்டுமென்று மத்தியாஸ் வற்புறுத்தினார். சீமாட்டி குற்றவாளி என்று தீர்ப்பானால் சொத்து அரசுக்குப் போகும். நாடஷ்டி குடும்பத்துக்கு மன்னர் பட்டிருந்த கடனும் தீரும். துர்சோ இணங்கவில்லை. மருமகன் மிக்லோஷ் ஸ்ரீனியும், இன்னும் சிறுவனாக இருந்த மகன் பாலும் குடும்பப் பெயரைக் காக்கச் சொல்லி அவருக்கு எழுதினார்கள். நிலம் வாரிசுகளிடமே தங்கியது. தாய் தன் கோட்டையிலேயே காவலில் இருந்து 1614 ஆகஸ்டில் இறந்தார். ஒரு பெரும்புள்ளியின் சரிவு என்பது இங்கே கடிதங்கள் வழியே, சொத்துப் பங்கீட்டின் பேரில், உறவினருக்குள் பேசி முடித்த காரியம்.

இந்தப் பேரத்தைத் திரை பெரும்பாலும் தொடவில்லை. ஹேமர் நிறுவனத்தின் ‘கவுண்டஸ் டிராகுலா’வில் இங்க்ரிட் பிட் ரத்தத்தால் இளமை பெற்று, தன் மகளின் பெயரிலேயே உலவுகிறார், அரசியல் மருந்துக்கும் இல்லை. பெல்ஜிய இயக்குநர் ஹாரி குமெல் அதே 1971இல் எடுத்த ‘டாட்டர்ஸ் ஆஃப் டார்க்னஸ்’ சீமாட்டியை இன்றைய ஆஸ்டெண்ட் நகர விடுதிக்குக் கொண்டுவந்தது. டெல்ஃபின் செய்ரிக்கின் நடிப்புக்காக அதை இன்றும் பார்க்கலாம். வரலாறு அதன் நோக்கமல்ல. வாலேரியன் போரோவ்சிக்கின் ‘இம்மாரல் டேல்ஸ்’ (1974) படத்தில் ஓவியர் பிக்காசோவின் மகள் பலோமா இந்த வேடத்தை ஏற்றார். அங்கே பணிப்பெண்கள் வெறும் உடல்கள். அதைப் பொறுத்துக்கொண்டு பார்க்க என்னால் முடியவில்லை.

2008இல் யுராய் யாகுபிஸ்கோ எடுத்த ‘பாத்தோரி’ எதிர்த் திசையில் போகிறது. ஸ்லோவாக்கிய சினிமாவின் மிகப் பெரிய செலவுப் படங்களில் ஒன்று. ஆன்னா ஃப்ரீல் நடித்த எலிசபெத் இங்கே சதியில் சிக்கியவர். குளியல் தொட்டியில் சிவப்பாகத் தெரிவது மூலிகை. துர்சோவாக வரும் காரெல் ரோடன் சொத்துக்காகக் காய் நகர்த்துகிறார். ஹங்கேரிய வரலாற்றாசிரியர் லாஸ்லோ நாகி போன்றோர் முன்வைத்த சதிக் கோட்பாட்டுக்குத் திரையில் கிடைத்த முழு வடிவம் இது. படத்தின் துணிவை மதிக்கிறேன். ஆனால் ஹங்கேரிக்கு வந்தே இராத ஓவியர் கரவாஜ்ஜியோவைக் காதலனாக்கியபோதே அது தன் வாதத்தைத் தளர்த்திவிட்டது. அதைவிடப் பெரிய குறை, சீமாட்டியை விடுவிக்கும் அவசரத்தில் செத்த பெண்கள் கதையின் ஓரத்துக்குத் தள்ளப்படுவது. திகில் படம் அவர்களை உடலாக்கியது. சதிப் படம் அவர்களை வதந்தியாக்கியது.

டெல்பியின் படம்தான் உண்மைக்கு மிக அருகே வருகிறது. மன்னர் பட்ட கடன் அதில் வெளிப்படையாகப் பேசப்படுகிறது. துர்சோவாக வில்லியம் ஹர்ட். அவர் கேட்ட திருமணத்தை விதவை மறுக்கிறார். கதையைச் சொல்பவன் துர்சோவின் மகன் இஸ்த்வான், டேனியல் ப்ரூல் நடித்தது. வென்றவர்கள் எழுதியதே வரலாறு என்ற ஐயத்தோடுதான் அவன் தொடங்குகிறான். டெல்பியின் குளிர்ந்த முகமும் வெளிறிய வண்ணங்களும் ஒரு நிர்வாகியை, கணக்குக் கேட்கும் பெண்ணைக் காட்டுகின்றன. கொலைகளும் மறைக்கப்படவில்லை, குற்றமும் பேராசையும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்ட படம் இது ஒன்றுதான். இருந்தும் கொலைக்குக் காரணம் தேடும்போது, இளைஞன் இஸ்த்வான் மேல் கொண்ட காதலும் முதுமை பயமும்தான் டெல்பிக்குக் கிடைக்கின்றன. துர்சோவும் நாடஷ்டியும் செய்தது அதிகாரப் பசி என்றால், அதே நிலத்தை ஆண்ட பெண்ணுக்கு மட்டும் ஏன் காதல் தோல்வி தேவைப்படுகிறது? குடியானவர் உயிருக்கு விலையில்லாத ஒரு ஆட்சிமுறையில் பணிப்பெண்ணை அடித்துக் கொல்வதற்கு எந்தக் கண்ணாடியும் வேண்டியிருக்கவில்லை. சிறு பிரபுக்களின் மகள்களும் அந்த மாளிகையில் செத்த பிறகுதான் புகார்கள் கனம் பெற்றன.

கடிதமும் கணக்கும் திரைக்கு ஆகாது என்பவர்களுக்கு யோர்கோஸ் லாந்திமோசின் ‘தி ஃபேவரிட்’ (2018) பதில். ஆன் அரசியின் தோழி சாரா சர்ச்சில் 1711இல் பதவிகளை இழந்த கதை அது. எரிக்கப்படும் கடிதங்கள், பணம் கையாடியதாக ஒரு பொய்க் குற்றச்சாட்டு. இவ்வளவை வைத்துக்கொண்டே ஒரு பெண்ணின் அரசியல் மரணத்தை மூச்சுவிடாமல் பார்க்க வைத்தார்கள். சாராவாக நடித்த ரேச்சல் வைஸ் அங்கே எந்தக் கண்ணாடியின் முன்னும் புலம்பவில்லை.

பாத்தோரி கதைக்கும் அப்படியொரு படம் வேண்டும். அதன் மையத்தில் துர்சோவுக்கும் மருமகனுக்கும் இடையே போன கடிதங்கள் இருக்கட்டும். அதே அளவு இடம் டோரோட்யா செண்டெஷுக்கும் இலோனா யோவுக்கும் வேண்டும். மரண தண்டனை பெற்ற மூவரில் வேலைக்காரிகளான இந்த இருவரும் விரல்கள் பிடுங்கப்பட்டுத் தீயில் எறியப்பட்டார்கள். எந்தக் கிராமத்திலிருந்து எந்தப் பெண் கோட்டைக்கு அழைத்து வரப்பட்டாள், யார் அழைத்து வந்தார்கள் என்று சாட்சிகளிடம் கேட்டு எழுதிய தாள்களும் இருக்கின்றன. திரைக்கதையை அந்தப் பெண்களில் ஒருத்தியின் வீட்டிலிருந்து தொடங்கலாம்.