ஆடலின் உழைப்பும் அதன் முகமூடியும்

ஹொலிவூட்டின் ஆடல்பாடற் படங்களைப் பற்றி இருவகைக் கருத்துகள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. பட்டினி கிடந்த மக்களுக்கு முதலாளித்துவம் ஊட்டிய அபின் என்று ஒரு சாரார் அவற்றை ஒதுக்கிவிடுவர். கலையைக் கலையாகவே காண வேண்டும், அதனுள் வர்க்கத்தையும் நிறத்தையும் தேடுவது வரட்டுவாதம் என்று மறு சாரார் வாதிடுவர். படத்தைக் கூர்ந்து பார்க்காமலே தீர்ப்புக் கூறும் பழக்கம் இரு சாராருக்கும் பொதுவானது என்பது எமது துணிபு. 1936ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்விங் டைம்’ என்னும் படத்தைக் கொண்டு இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் நெறிப்படுத்திய இப்படம், பிரெட் அஸ்டெயரும் ஜிஞ்சர் றோஜர்ஸும் இணைந்து நடித்த பத்துப் படங்களுள் ஆறாவதாகும். ஜெரோம் கேர்ன் இசையமைக்க, டொரொதி ஃபீல்ட்ஸ் பாடல்களை எழுதினார். இவ்விணை திரையில் முதன்முதலாகத் தோன்றிய 1933ஆம் ஆண்டிலே அமெரிக்கத் தொழிலாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையற்றிருந்தார். இவர்களது படங்களைத் தயாரித்த ஆர்.கே.ஓ. நிறுவனமும் அவ்வாண்டு கடன் சுமையால் நீதிமன்றப் பொறுப்பின் கீழ் வந்தது. ஆகவே, இந்த ஆடலை நெருக்கடிக்குப் புறம்பான கனவென்று கூறுதல் பொருந்தாது. அது நெருக்கடியின் வயிற்றிலேயே பிறந்தது.

படத்தின் கதையிலும் நெருக்கடியின் சுவடுகள் உள்ளன. ‘லக்கி’ என்னும் சூதாட்டக்காரனான நடனக் கலைஞன், 25,000 டொலர் சம்பாதித்து வந்தாலன்றி மணமகளைப் பெறமுடியாத நிலையில் நியூயோர்க்கிற்குப் புறப்படுகிறான். கையிற் காசில்லை, மணக்கோலத்து உயர்ந்த தொப்பியுடன் சரக்கு இரயிலில் ஏறிச் செல்கிறான். அக்காலத்தில் வேலை தேடி ஊரூராய் அலைந்த இலட்சக்கணக்கானோரின் வாகனம் சரக்கு இரயிலே. அவர்களுடைய துயரம் இங்கே ஒரு கணச் சிரிப்பாகிவிடுகின்றது. அச்சிரிப்பை நாம் குறை கூறவில்லை. துன்பத்தைக் கண்டு சிரிக்கும் உரிமை துன்பப்பட்டவர்களுக்கு உண்டு. ஆயின், அத்துன்பத்திலிருந்து மீளப் படம் காட்டும் வழி யாது? சூதாட்டமேசை. நாயகனின் பெயரே அதிர்ஷ்டசாலி என்று பொருள்படுவது. சீட்டு விழும் விதத்திற் செல்வம் வருகின்றது, அவ்வாறே போகின்றது. ஒரு சமுதாய அமைப்பின் நோயைத் தனிமனிதனின் நல்லூழ், தீயூழ் என்று காட்டுவதே இக்கதையின் உள்ளுறையான தத்துவம்.

ஆனால் ஆடல் தொடங்கியதும் இத்தத்துவம் தகர்ந்துபோகின்றது.

நாயகி பென்னி ஒரு நடனப் பள்ளியிலே சம்பளத்துக்குக் கற்பிப்பவள். அவளை அணுகும் பொருட்டு, ஆடத் தெரியாதவன்போல லக்கி விழுந்து விழுந்து நடிக்கிறான். உனக்கு நடனம் வராது, காசை வீணாக்காதே என்று அவள் உண்மையைக் கூறுகிறாள். அதனைக் கேட்ட முதலாளி அக்கணமே அவளை வேலையினின்று நீக்கிவிடுகிறான். கட்டணம் செலுத்தும் மாணவனிடம் உண்மை பேசியதே அவள் செய்த குற்றம்! ஆசிரியராகிய எம்மில் எவருக்கும் இக்காட்சி வெறும் நகைச்சுவையாக மட்டும் தோன்றாது. அவளது வேலையை மீட்க லக்கி அவளுடன் ஆடுகிறான். சீட்டுக்கட்டால் ஆகாததை அடிவைப்பு ஆக்குகின்றது. ஒருவர் காலடிக்கு மற்றவர் காலடி விடை கூற, இறுதியில் இருவரும் அரங்கின் தாழ்ந்த வேலியை ஒரே வீச்சிற் தாவிக் கடக்கின்றனர். ஆணும் பெண்ணும் சமமான தொழிற்றிறனாற் சமமாகும் காட்சி அது. கதை அதிர்ஷ்டத்தைப் பாட, ஆடல் உழைப்பைப் பேசுகின்றது.

இவ்வுண்மையைக் கமெராவும் மறைக்கவில்லை. ஆடுவோரின் முழுவுருவமும் தெரிய வேண்டும், இயன்றவரை வெட்டின்றி ஆடல் தொடர வேண்டும் என்பதில் அஸ்டெயர் உறுதியாக இருந்தார். உடம்பைத் துண்டு துண்டாக்கி ஒட்டும் தந்திரத்திற்கு அங்கே இடமில்லை. இறுதிப் பகுதியில் வரும் பிரிவாற்றாமை நடனத்திற்காக ஒரே நாளில் நாற்பதுக்கு மேற்பட்ட தடவைகள் படம்பிடிக்க நேர்ந்ததும், றோஜர்ஸின் பாதங்களில் இரத்தம் கசிந்ததும் பதிவாகியுள்ளன. காற்றைப்போல் இலேசாகத் தோன்றும் அந்த அசைவின் விலை அது.

எனினும் எமது பாராட்டு இங்கே நின்றுவிட முடியாது. உழைப்பைக் காட்டும் இதே படம், அவ்வுழைப்பின் மூலவர்களை மறைத்தும் விடுகின்றது. ஹார்லெமின் ‘போஜாங்கிள்ஸ்’ என்று புகழ்பெற்ற கறுப்பினக் கலைஞர் பில் றொபின்சனுக்கு அஞ்சலி என்ற பெயரில் அஸ்டெயர் முகத்திற் கரிபூசி ஆடுகின்றார். அரங்கில் முதலில் தோன்றுவது, தடித்த உதடுகளுடன் வரையப்பட்ட கேலிச்சித்திரமான ஒரு கறுப்பு முகம். அது மாபெரும் பாதணிகளின் அடிப்பக்கம் என்பது பின்னரே புலனாகின்றது. ஒரு மனிதனின் முகத்தை மிதிபடும் தோலாக்கிவிட்டு அதனை அஞ்சலி என்பதா?

காலால் தாளமிடும் ‘டாப்’ நடனம் ஆபிரிக்க அடிமைகளின் ஆடலும் அயர்லாந்து, இங்கிலாந்துக் குடியேறிகளின் ஆடலும் கலந்து உருவானது. தென் கரோலினாவில் 1739ஆம் ஆண்டு அடிமைகள் கிளர்ந்தெழுந்தமையின், அடுத்த ஆண்டே முரசு முதலியவற்றை அவர்களுக்குத் தடைசெய்யும் சட்டம் பிறந்தது. முரசைப் பறித்தவர்களாற் பாதங்களைப் பறிக்க முடியவில்லை. படத்தின் தலைப்பிலுள்ள ‘ஸ்விங்’ என்ற சொல்லே கறுப்பினத்தாரின் ஜாஸ் இசைக்குச் சொந்தமானது. இன்னுமொன்று: அக்காட்சியில் அஸ்டெயர் ஆடும் முறை, நிமிர்ந்து நின்று முன்பாதத்தால் ஆடிய றொபின்சனுடையது அன்று, குதிகாலையும் தாளத்திற் சேர்த்த ஜோன் பப்பிள்ஸ் என்ற மற்றொரு கறுப்பினக் கலைஞரின் முறைக்கே அது நெருக்கமானதென நடன விமர்சகர் சுட்டுவர். பெயர் ஒருவருடையது, கலை மற்றொருவருடையது, மேடையோ மூன்றாமவருடையது.

அந்த றொபின்சனுக்கு ஹொலிவூட் அளித்த இடம் யாது? 1935ஆம் ஆண்டில் அவர் ஷேர்லி டெம்பிள் என்னும் வெள்ளையினச் சிறுமியின் கையைப் பிடித்துப் படிக்கட்டில் ஆடினார். அதுவும் வேலைக்காரன் வேடத்தில். தென் மாநிலங்களிற் காட்டிய பிரதிகளில் அதனையும் வெட்டினர். இவ்வாறிருக்க, றோஜர்ஸுக்குச் சமமாக ஒரு கறுப்பினக் கலைஞர் கைகோத்து ஆடுவதை அன்றைய திரை எண்ணியும் பார்த்திராது. கறுப்பினத்தாரின் கலை வெள்ளித்திரைக்கு வேண்டியிருந்தது; கறுப்பினத்தார் வேண்டியிருக்கவில்லை.

ஆயின் இப்படத்தைப் புறக்கணிக்கலாமா? கூடாது என்பதே எமது விடை. 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இது இடம்பெற்றது. கரிபூசிய காட்சியை வெட்டிவிட்டுக் காட்டுவது வரலாற்றுக்கு மீண்டும் ஒருமுறை கரிபூசுவதாகும். அக்காட்சியைப் பற்றி வாய்திறவாமல் இரசிப்பதும் அத்தகையதே. வேலியைத் தாவும் இருவரையும் கரிபூசிய முகத்தையும் ஒருங்கே மாணவர் முன் வைத்து, இவை எவ்வாறு ஒரே படத்தில் அடங்கின என்று கேட்பிப்பதே விமர்சனத்தின் கடமை.

அவ்வினாவிற்கு விடை காண உதவும் ஒரு காட்சி படத்திலேயே உண்டு. கரிபூசி ஆடும் அஸ்டெயரின் பின்னால் மூன்று பெருநிழல்கள் அவருடன் போட்டியிட்டு ஆடுகின்றன. ஈற்றில் அவருக்கு ஈடுகொடுக்க இயலாமல் அவை சலித்து விலகிச் செல்ல, பார்ப்போர் சிரிக்கின்றனர். வரலாறோ வேறு. அந்நிழல்களுக்கு உரியவர்கள் ஒருபோதும் களைத்து விலகியதில்லை; வாயிலில் நிறுத்தப்பட்டிருந்தனர். அவர்களுடைய காலடியோசையைக் கேட்டுக்கொண்டே முன்னால் ஆடும் இருவரையும் இரசிக்கப் பழகுவோமாக.