ஒப்பந்தமும் ஒப்பீடும்: காவலூர் வானாய்வகத்தை முன்வைத்து ஆய்வுத் தோழமை குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

உயர்கல்வி நிறுவனங்களில் ஆய்வுத் தொடர்பு இன்று எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. ஆலங்காயத்தை அடுத்த காவலூர் வானாய்வகத்தின் வரலாற்றிலிருந்து இரு நிகழ்வுகளை எடுத்துக்கொண்டு, ஒருவரது முடிவை மற்றொருவரது தரவு திருத்துவதற்கு இடமளிப்பதே ஆய்வுத் தோழமை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அதன் வெளிச்சத்தில் தமிழாய்வுத் துறைகளின் இன்றைய நடைமுறையையும் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: ஆய்வுத் தோழமை, காவலூர், வைணு பாப்பு, பாட ஒப்பீடு, கல்லூரித் தலைமை.

முன்னுரை

தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழுவின் அளவுகோல்களில் ஆய்வுக் கூட்டுறவும் ஒரு கூறாகும். பிற நிறுவனங்களோடு செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் எண்ணிக்கை அதில் கேட்கப்படுகிறது. எனவே கல்லூரிகள் ஒப்பந்தங்களைத் தேடிச் செல்கின்றன. கையெழுத்தான நாளின் நிழற்படம் ஆவணத்தில் சேர்கிறது. அவ்வொப்பந்தத்தால் எந்த ஆய்வு முடிவு மாறியது என்னும் வினா எழுவதில்லை. இக்கட்டுரை அவ்வினாவையே அளவுகோலாகக் கொள்கிறது.

இடமும் கருவியும்

ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் செல்லும் ஜவ்வாது மலைச்சாலையில் அமைந்துள்ளது காவலூர். கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக 1960இல் பொறுப்பேற்ற வைணு பாப்பு, இரவு வான நோக்குதலுக்கு உகந்த இடமாக இதனைத் தேர்ந்தார். கொடைக்கானல் பணிமனையில் உருவான 38 செ.மீ. தொலைநோக்கியுடன் 1968இல் இங்குப் பணி தொடங்கிற்று. 102 செ.மீ. தொலைநோக்கி 1972இல் நிறுவப்பட்டது. நெட்டாங்கு அடிப்படையில் ஆஸ்திரேலிய, தென்னாப்பிரிக்க வானாய்வகங்களுக்கு இடைப்பட்டிருப்பதால், அவ்விரு இடங்களுக்கும் நடுவே விடுபடும் நேரத்தைக் காவலூரின் நோக்கல் நிரப்ப இயலும். அதன் மதிப்பு அதன் உயரத்தால் மட்டும் அமைவதன்று; பிற இடங்களோடு அது கொள்ளும் உறவாலும் அமைகிறது.

ஒரு பதிவு, இரு வாசிப்புகள்

1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தது. அம்மறைப்பைப் பல நாட்டு ஆய்வாளர்கள் தத்தம் இடங்களிலிருந்து நோக்கினர். காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 102 செ.மீ. தொலைநோக்கியால் பதிவு செய்தனர். கோள் மறைக்கும் முன்னரே விண்மீனின் ஒளி குறைந்ததைக் கண்ட அவர்கள், அதை யுரேனசின் புதியதொரு துணைக்கோளால் நேர்ந்ததாகக் கொண்டு 'நேச்சர்' இதழில் எழுதினர். பறக்கும் வானாய்வகத்திலிருந்து நோக்கிய ஜேம்ஸ் எலியட் குழுவினரோ மறைப்புக்கு முன்னும் பின்னும் ஒளிக்குறைவுகள் ஒத்தமைந்ததைக் கண்டு, அவை வளையங்கள் என நிறுவினர். அதே ஆண்டின் முடிவுக்குள் பட்டாச்சார்யாவும் பாப்புவும் காவலூர்ப் பதிவை வளையத் தொகுதி என்னும் நோக்கில் மீள வாசித்து, அதே இதழில் வெளியிட்டனர்.

இங்கு நோக்கத்தக்கன இரண்டு. முதலாவது, காவலூர்ப் பதிவு பிழையானதன்று. ஓரிடத்துத் தரவைக் கொண்டு அடைந்த விளக்கமே போதாததாயிற்று. இரண்டாவது, அவ்விளக்கத்தை மாற்றிக்கொள்வதை நிறுவனத்தின் தலைமை இழுக்காகக் கருதவில்லை. தன் பெயரையே அத்திருத்தத்தில் இணைத்துக்கொண்டது.

எனினும் கூட்டு முயற்சி உண்மைக்கு உத்தரவாதம் ஆகாது. வியாழனின் துணைக்கோளான கானிமீட் 1972 ஜூன் 7ஆம் நாள் ஒரு விண்மீனை மறைத்தபோது, இந்தோனேசியாவின் லெம்பாங்கிலிருந்தும் காவலூரிலிருந்தும் நோக்கிய பன்னாட்டுக் குழு, கானிமீடுக்கு வளிமண்டலம் உண்டென அறிவித்தது. 1979இல் வாயேஜர் 1 விண்கலத்தின் அளவீடு, அது முன்பு மதிப்பிட்டதைவிட மிக மிக மெல்லியது எனக் காட்டிற்று. நோக்கிய இடம், நாள், கருவி, நோக்கியோர் பெயர் யாவும் பதிவாகியிருந்தமையால்தான் அம்முடிவைப் பின்வந்தோர் எடைபோட முடிந்தது.

பாட ஒப்பீட்டு மரபு

பெருங்கருவி வேண்டும் அறிவியலுக்கே கூட்டுறவு கட்டாயம், இலக்கிய ஆய்வாளன் தனித்தே இயங்கலாம் என்று ஒரு மறுப்பு எழக்கூடும். தமிழின் சொந்த அனுபவம் அதற்கு எதிரானது. சீவகசிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல ஊர்களின் சுவடிகளை ஒப்பிட்டே பாடம் கண்டார். சுவடி உதவியோரைத் தம் முன்னுரைகளில் நன்றியோடு பதிவு செய்தார். ஒரு சுவடியின் பாடத்தை மற்றொன்று திருத்துவதும், ஓரிடத்து ஒளிப்பதிவை மற்றோரிடத்துப் பதிவு திருத்துவதும் முறையியல் அடிப்படையில் ஒன்றே. நாம் இழந்துவருவது அயலிலிருந்து இரவல் பெற்ற பண்பன்று. நம் பதிப்புத்துறை வளர்த்தெடுத்த பண்பு.

ஜவ்வாது மலையாளி மக்களின் வாய்மொழிப் பாடல்களையே எடுத்துக்கொள்வோம். மலையின் ஒரு சரிவில் தொகுத்த பாடலுக்கு மறுசரிவில் வேறு வடிவம் இருக்கலாம். திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலையை, தனித்தனியாக எழுதப்படும் ஆய்வேடுகளால் முழுமையாகக் காட்ட இயலாது. ஒலிப்பதிவு ஆய்வாளரின் வீட்டில் தங்கிவிடுமாயின் அவரது முடிவைச் சரிபார்க்க எவராலும் ஆகாது. பாடியவரின் இசைவு பெற்று, பாடிய ஊர், நாள், பதிந்தவர் பெயர் ஆகியவற்றுடன் ஒரு பொதுக் காப்பகத்தில் அது வைக்கப்படுமாயின், அடுத்த ஆய்வாளர் அங்கிருந்து தொடங்குவார்.

தலைமையின் பணி

தம் தொடர்புகளைத் தமக்கே உரிய மதிப்பாகச் சேர்த்துக்கொள்ளும் தலைமையும் உண்டு. அவற்றைப் பிறர்க்கு வழியாக மாற்றும் தலைமையும் உண்டு. பாப்பு ஹார்வர்டில் பயின்ற நாளில், 1949இல் கண்டறியப்பட்ட வால்மீன் பாப்பு, போக், நியூகர்க் என்னும் மூவர் பெயரையும் தாங்கியது. 1957இல் அவரும் ஒலின் வில்சனும் வெளியிட்ட கண்டுபிடிப்பு இருவர் பெயராலும் வழங்குகிறது. பகிர்ந்த பெயர்களால் வளர்ந்த அவர், பகிரத்தக்க கருவிகளை எழுப்பினார். பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராக இருந்த காலத்தில், 1982 ஆகஸ்டு 19இல் மறைந்தார். அவர் திட்டமிட்ட 234 செ.மீ. தொலைநோக்கி 1986 ஜனவரி 6ஆம் நாள் அவர் பெயராலேயே திறக்கப்பட்டது. அதில் நோக்கும் நேரம் விண்ணப்பங்களின் தகுதி பார்த்துப் பகிரப்படுகிறது.

ஒரு நிறுவனத்தின் வளர்ச்சியைத் தனி மனிதரின் ஆளுமைக்குள் சுருக்கிவிடும் இடர் இத்தகைய வரலாற்றில் உண்டு. அவருக்குப் பின்னும் கருவி இயங்குவதற்கு அத்தகைய பகிர்வு விதியே காரணமாகும். முதல்வரோ துறைத்தலைவரோ தம் அறிமுகங்களால் கருத்தரங்கு நடத்துவது எளிது. தாம் ஓய்வுபெற்ற பின்னும் ஒரு மாணவர் பயன்கொள்ளும் விதியை விட்டுச்செல்வது அரிது.

முடிவுரை

ஆய்வுத் தோழமையை அளக்க மூன்று வினாக்கள் போதும். எந்தத் தரவு பொதுவில் வைக்கப்பட்டது? அதனால் எவரது முடிவு திருத்தம் பெற்றது? உழைத்தோர் அனைவர் பெயரும் இடம்பெற்றதா? இவற்றுக்கு விடையளிக்கும் ஓர் ஒப்பந்தம், விடையில்லாத நூறு ஒப்பந்தங்களினும் மேலானது. முனைவர் பட்ட ஆய்வாளர்க்கு இது வாழ்வோடு பிணைந்த செய்தி. அவர் எழுதும் முடிவைத் திருத்த ஒருவரேனும் இல்லாவிடில் பட்டம் கிடைக்கலாம், ஆய்வு முன்னேறாது.